கல்முனையிலிருந்து ஸொம்பிக் கதை எழுதப் போகிறவருக்கு

கசப்பான தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவியல் புனைகதைக்கு உலகில் முன்வரிசையில் நிற்கும் ஆங்கிலச் சஞ்சிகைகளில் ஒன்று கிளார்க்ஸ்வேர்ல்ட். எங்களிடம் விலைபோவது கடினம் என்று எழுத்தாளருக்கு அவர்கள் சொல்லிவைத்திருக்கும் பட்டியலில் ஸொம்பியும் இருக்கிறது. எடிட்டர்களுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ எடுத்த நாளிலிருந்து பிணங்கள் எழுந்து நடந்துகொண்டே இருக்கின்றன.

நீங்கள் சாய்ந்தமருதில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறவராக இருக்கலாம். ஒலுவில் கம்பஸில் ஐடி படிக்கலாம். ஏஎல் முடித்துவிட்டு கட்டார் விசாவுக்குக் காத்திருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு வீடு அடங்கிய பிறகு போனில் கதை டைப் பண்ணுகிறீர்கள். உங்களோடு போட்டியிடுகிறவர்கள் சென்னையிலும் லாகோஸிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரமும் தொடர்பும் நல்ல லெப்டொப்பும் உண்டு. தொழில்நுட்பத்தில் தொங்கும் ஒரு சமூகம் ஒரே நாளில் படுத்துவிடுவதை அவர்கள் கற்பனை பண்ணி எழுதுகிறார்கள். நீங்கள் அதற்குள் இருந்து வந்தவர். கையிலுள்ள துருப்பு அதுதான். அதை எப்படி ஆடுவது என்று பார்ப்போம்.

1. நின்றுபோனவற்றை லிஸ்ட் போடுங்கள். கதைக்கு முன் இந்த வேலை. ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள்: எது நின்றது, யாருக்கு முதலில் வலித்தது, யார் அதில் காசு பார்த்தார்கள். 2019 ஏப்ரல்: பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். 2020 ஓகஸ்ட் 17: நாடு முழுக்க இருட்டு. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த படகுகள். 2025 பெப்ரவரி 9: மறுபடி நாடு முழுக்க இருட்டு, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகம் அழிவதற்குப் பெரிய லேப், பெரிய சதி எல்லாம் வேண்டும் என்று நினைக்கிற புது எழுத்தாளர் இந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படிக்க வேண்டும். காரணம் சின்னதாக இருக்கட்டும். விளைவு வீட்டுக்கு வீடு வேறுபடட்டும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஓகஸ்ட், எரிபொருள் கியூஆர் முறை வந்து சில வாரம். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்கார நானா தன் கியூஆரை பிரிண்ட் எடுத்து, லெமினேட் பண்ணி, நூலில் கட்டி ஹேண்டிலில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஆயத்துல் குர்ஸி ஸ்டிக்கர். வெயிலில் லெமினேட் உப்பி, கறுப்புக் கட்டங்கள் வளைந்துபோயிருந்தன. ஸ்கேன் பண்ணுகிற பையன் மூன்று தரம் முயன்றான், விழவில்லை. சட்டை நுனியால் துடைத்துவிட்டு நான்காம் தரம் பிடித்தான். ‘பீப்’ என்றது. பின்னால் நின்ற ஆளும் சேர்ந்து மூச்சு விட்டார். ஒரு கிழமைக்கு ஐந்து லீற்றர். பையனின் போன் ஒரு பவர்பேங்கில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் கடைசி ஒரு லைட் மட்டும் மின்னியது. நிலத்துக்குள் தொட்டி நிறையப் பெற்றோல் இருந்தும், அந்த லைட் அணைந்தால் நூறு ஓட்டோ வெறும் டாங்கோடு திரும்ப வேண்டியதுதான்.

உங்கள் நாவலின் முதல் சீன் இப்படி ஒன்றாக இருக்கட்டும். கடிப்பதும் ஓடுவதும் பிறகு.

2. ஸொம்பிக்கு ஒரு விதி வையுங்கள்; அந்த விதி ஊரின் தரையோடு மோத வேண்டும். 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ படத்தைத் திரும்பப் பாருங்கள். தமிழில் முழுநீள ஸொம்பிப் படத்துக்கு முதல் அடி அது. களம் ஊட்டி. அந்தப் படத்து மிருதர்களுக்குத் தண்ணீர் என்றால் பயம். நல்ல விதி, ஆனால் மலையூரில் அதற்குப் பெரிய வேலை இல்லை. அதே விதியை நம் கரைக்குக் கொண்டுவாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஏ4 வீதியில் கோத்துவிட்ட ஊர்கள். கிழக்கே கடல், மேற்கே வட்டை. மாரியில் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும், கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். தண்ணீருக்குப் பயந்த ஸொம்பி இந்த ஒடுங்கிய துண்டுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். மனிதர்களுக்கு ஒரே காவல் கடல்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த ஒன்று கதைக்குள் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அன்றைக்குப் பிள்ளையைக் கையிலிருந்து நழுவவிட்டவர் ஒருவர், இன்று உயிர் தப்ப வேண்டுமென்றால் கழுத்தளவு கடலில் இறங்கி நிற்க வேண்டும். அவர் இறங்குவாரா? இந்தக் கேள்வியைக் கொரியாக்காரனாலோ அமெரிக்கக்காரனாலோ எழுத முடியாது.

லொக்கேஷனும் வெளியில் தேட வேண்டாம். 2013இல் திறந்து, பிறகு வாயில் மண் மூடிய ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கடல் தின்ற கரையும் இருக்கிறது. ஒரு பின்னேரம் போய் நின்று, கேட்கிற சத்தங்களை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

3. மையித்தை மறக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள்.

ஹொலிவுட் ஸொம்பியின் தலையில் சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். நம்மிடையே ஒருவர் மௌத்தானால் குளிப்பாட்ட வேண்டும், கபனிட வேண்டும், தொழுவிக்க வேண்டும், தாமதிக்காமல் அடக்க வேண்டும். ஊர் சேர்ந்து சந்தூக்கைத் தோளில் மாற்றி மாற்றிக் கொண்டுபோகும். உங்கள் கதையில் நடந்து வருகிற அந்த உடல் யாரோ ஒருவரின் உம்மா. அவர் விழுந்த பிறகு யார் குளிப்பாட்டுவது? தண்ணீரைத் தொட்டால் தொற்றும் என்று போனில் ஒரு அறிவித்தல் வந்திருக்கிறது. மூத்த மகள் வாளியோடு கதவடியில் நிற்கிறாள். இந்த ஒரு சீனில் முப்பது பக்கம் இருக்கிறது.

இதற்கான கனம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்கள் அனைத்தையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து இருபதே நாளான பிள்ளையையும் எரித்தார்கள். பொரளைக் கனத்தையின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. எல்லாச் சமயத்தவருமாக 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே செத்த உடல் ஆபத்தானது என்ற எண்ணத்தை நீங்கள் விளையாட்டாக எடுக்க முடியாது. அந்த எண்ணத்தால் இங்கே உண்மையான குடும்பங்கள் காயப்பட்டிருக்கின்றன. ஸொம்பிக் கதையின் அடித்தளமே அந்த எண்ணம் என்பதால் இந்த வகைக்குள் நீங்கள் நுழையும்போது மற்றவர்களைவிட ஒரு படி ஆழத்தில் நிற்கிறீர்கள். பயத்தை எழுதுங்கள். பயத்தை உத்தரவாக்கியவரையும் எழுதுங்கள். அந்த உத்தரவு எந்த அப்பில், எந்த மொழியில், எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள்.

4. கூட்டத்தை யாராக எழுதுகிறீர்கள் என்று கவனியுங்கள். ஸ்டீபன் கிங் 2006இல் எழுதிய ‘செல்’ நாவலில் கைபேசியில் ஓர் அலை வருகிறது. காதில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வெறிபிடித்துப் பாய்கிறார்கள். நம் மாவட்டத்தில் அது 2018 பெப்ரவரி 26 இரவு நடந்தது. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. போனில் ஓடியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி. அந்த ஆண்டு வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

மிகச் சக்தியான மெட்டீரியல். இதில் புது எழுத்தாளர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. தாக்க வந்தவர்களை முகமில்லாத ஸொம்பிகளாக்கி, ஒரு இனத்தையே அந்தக் கூட்டத்தில் நிறுத்திவிடுவார். அது நேர்மையில்லை, தொழிலுக்கும் கெடுதி. மொழிபெயர்ப்பாளரும் சிங்கள வாசகரும் நாளைக்கு உங்களுக்கு வேண்டும். கூட்டத்தில் ஒருவனுக்குப் பெயர் கொடுங்கள், தொழில் கொடுங்கள், நேற்று மாலை அவன் எங்கே தேத்தண்ணி குடித்தான் என்று சொல்லுங்கள். அவன் பொக்கற்றில் போன் அதிர்வதிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.

யஃஜூஜ் மஃஜூஜ், தஜ்ஜால் ஆகியோரை இதற்குள் இழுக்காதீர்கள். அது ஈமான் சம்பந்தப்பட்டது. ஊரில் கதவுகள் மூடும். தவிர, முடிவு வாசகருக்கு முன்பே தெரிந்த கதையாகிவிடும்.

5. கிட்ட இருப்பவர்களைப் படியுங்கள். உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ சிறுகதையைத் தேடிப் பிடியுங்கள். போர்க்காலத்தை ஓர் அரசன் கதையாக மாற்றி, பெயர் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னவர், கல்முனைப் பக்கத்துக்காரர். சோலைக்கிளியின் கவிதைகளில் காகமும் மரமும் செய்கிற காரியங்களைப் பாருங்கள். விசித்திரத்தை நம்பவைக்கும் வித்தை அங்கே இருக்கிறது. பிறகு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’: பிள்ளை பெறவும் அரசிடம் அனுமதி கேட்கும் ஒரு எதிர்கால நாட்டை 1980களிலேயே ஒரு வாரப் பத்திரிகைத் தொடராக எழுதி முடித்தார். கொழும்பிலிருந்து யுதஞ்சய விஜேரத்ன 2017இல் ‘நம்பர்காஸ்ட்’ எழுதினார். ஒரு எண் உங்கள் வாழ்க்கையை முடிவு செய்யும் உலகம். வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயிண்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ 2024இல் நெபியூலா விருதை வென்றது. இலங்கையிலிருந்து அந்த மேடைக்குப் பாதை இருக்கிறது. தமிழில் எழுதும் ஒருவர் அதில் இன்னும் நடக்க வேண்டும்.

மக்ஸ் புரூக்ஸின் ‘வேர்ல்ட் வார் இசட்’ தனியாகச் சொல்ல வேண்டியது. அழிவுக்குப் பிறகு தப்பியவர்களைப் பேட்டி கண்ட அறிக்கை போல் எழுதப்பட்ட நாவல். கடல் பொங்கிய அன்று எங்கே நின்றீர்கள் என்று கேட்டால் நம் ஊரில் ஒவ்வொருவரும் இருபது நிமிடம் பேசுவார்கள். இந்த வடிவம் உங்களுக்குக் கைவந்த மாதிரிதான். படகு முதலாளி, வங்கி டெல்லர், டவர் ஏறித் திருத்தும் டெக்னீஷியன், மருதமுனை நெசவுக்காரர், மோதினார் என்று ஐந்து பேரிடம் கேளுங்கள்: “ஒரு மாதம் நெட்டும் கரண்டும் இல்லையென்றால் உங்கள் வேலையில் முதலில் எது உடையும்?” மோதினாரின் பதிலைக் கவனமாக எழுதுங்கள். டவர் எல்லாம் விழுந்த பிறகு ஊருக்கு மிஞ்சுகிற ஒரே நெட்வேர்க், பள்ளி ஒலிபெருக்கியும் அதற்கு ஒரு பற்றரியும்.

6. டைப்பிங்கைச் சரிபண்ணுங்கள். சின்ன விஷயம், ஆனால் பலர் இங்கே கழிகிறார்கள். பாமினியில் அடித்த பைலை இந்திய, கனடிய எடிட்டருக்கு அனுப்பினால் அவர் திரையில் குப்பை தெரியும். யூனிகோட்டுக்கு மாறுங்கள். குரலில் சொல்லி எழுதுகிற வசதியையும் பழகுங்கள். வசனங்களுக்கு அது அருமை. நாளுக்கு 400 சொல். வெள்ளி லீவு எடுங்கள். ஐந்து மாதத்தில் ஒரு நாவலின் முதல் வரைவு கையில் இருக்கும்.

‘ஜாம்பி’ என்றுதான் தமிழ்நாட்டில் எழுதுகிறார்கள். 2019இல் யோகி பாபு நடித்த படத்தின் பெயரும் அதுதான். கதைக்குள் நீங்கள் ஸொம்பி என்றே வைத்துக்கொள்ளலாம். கிண்டிலிலோ பிரதிலிபியிலோ ஏற்றும்போது தேடற்சொற்களில் இரண்டையும் போடுங்கள். தேடுகிறவருக்கு நீங்கள் அகப்பட வேண்டும்.

7. காசைப் பற்றிக் கூச்சமில்லாமல் யோசியுங்கள். இங்கே பல எழுத்தாளர்கள் சொந்தக் காசில் அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி வாங்கும் தனவந்தரின் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு மீதிப் புத்தகங்களை அலுமாரியில் அடுக்குகிறார்கள். விழா மரியாதைக்கு நல்லது. வருமானத்துக்கு அதை நம்பாதீர்கள். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கெடுப்பது ஒரு சொல்லுக்கு 8 சென்ட். 4,000 சொல் சிறுகதைக்கு 320 டொலர். ஆகவே நாவலைத் தமிழில் எழுதிக்கொண்டே, அதிலிருந்து தனித்து நிற்கும் ஒரு அத்தியாயத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கம்பஸில் ஆங்கிலம் படிக்கும் ஒருவரோடு கூட்டுச் சேருங்கள். பங்கு எத்தனை வீதம் என்று முதல் நாளே எழுத்தில் போடுங்கள். சிநேகிதத்தைக் காப்பாற்றுவது அந்தக் கடதாசிதான்.

உரிமை விஷயத்தில் ரொமேரோவின் கதையைக் கேளுங்கள். படத்துக்கு முதலில் வேறு பெயர். விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய டைட்டில் கார்டோடு சேர்ந்து காப்புரிமை அறிவித்தலும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் உடனே பொதுச்சொத்தாகிவிட்டது. உலகம் முழுக்க ஓடியது, யாரும் பிரதி போடலாம், எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய காசு சேரவில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்து உரிமை உங்களுடையது. வாழ்நாளும் அதன் பிறகு 70 ஆண்டும். ஆனால் ஒரு கையெழுத்தில் அதை நீங்களே கொடுத்துவிட முடியும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று ஐந்தையும் தனித்தனியாகப் பேசுங்கள். “எல்லா உரிமையும்” என்ற சொல்லைக் கண்டால் பேனையை மூடுங்கள். என் முதல் கதைத்தொகுப்புக்கு நான் மூடவில்லை. அந்தக் கதைகளில் இரண்டு ஒலிவடிவமாக வந்ததை இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

8. அனுப்பும் மெயிலில் ஆறு வரி போதும். கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, ஒரு வரிக் கரு, நீங்கள் யார், முன்பு எங்கே வெளியானது, நன்றி. “கன்னி முயற்சி, பிழை பொறுக்கவும்” என்று எழுதாதீர்கள். எடிட்டர் பிழையைத் தேடத் தொடங்கிவிடுவார். அறிமுகத்தில் கல்முனை என்ற பெயரைக் கட்டாயம் போடுங்கள். செயற்கை நுண்ணறிவில் எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பெப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் கொஞ்ச நாள் கதவையே மூடியது. அதன் பிறகு எல்லா எடிட்டரும் சந்தேகத்தோடுதான் படிக்கிறார்கள். லெமினேட் உப்பிய அந்தக் கியூஆர் மாதிரி ஒரு விவரம் முதல் பக்கத்தில் இருந்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே விழும்.

9. பாதுகாப்பு. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை 2017இல் வெளியிட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். அந்தத் தொகுப்பும் அவருக்கு எதிராகக் காட்டப்பட்டது. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. ஓர் இளைஞனின் மூன்றரை வருடம். அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று வாசித்தவர்கள் சொன்னார்கள். தமிழ் தெரியாதவர்களின் கையில் அவை வேறாகிவிட்டன. அதற்காகப் பேனையைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. வரைவுகளைத் திகதியோடு சேமியுங்கள். கதைச்சுருக்கத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதி வையுங்கள், வேறு யாரும் உங்களுக்காக எழுதும் முன். ஆயுதம் வருகிற அத்தியாயத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

10. வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு உபரி லாபம். ஐடி கம்பனி இன்டர்வியூவில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்பார்கள். ஸொம்பி நாவல் என்று சொல்லக் கூச்சப்படுவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: “ஒரு நகரத்தின் சிஸ்டம் எந்த வரிசையில் விழும் என்று இருநூறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். பேமன்ட், பவர், டவர், தண்ணீர் பம்ப். ஐந்து தொழில்காரரைப் பேட்டி கண்டேன்.” கியூஏ வேலைக்கும் அனர்த்த முகாமைத்துவ வேலைக்கும் இதைவிட நல்ல போர்ட்போலியோ கொஞ்சம். கொப்பியில் போட்ட அந்த மூன்று நிரலையும் ஒரு பக்கத்தில் அழகாக அடித்து சீவியோடு இணையுங்கள்.

இனி முதல் வேலை. வரும் சனி இரவு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை இரண்டு மணிநேரம் கீழே தள்ளுங்கள். போன்கள் எல்லாம் ஒரு பெட்டிக்குள். ஒரு மெழுகுதிரி, கொப்பி, பேனை. வாப்பா முதலில் எதைப் பற்றிக் கேட்கிறார், பிரிட்ஜிலுள்ள மீனை யார் முதலில் நினைக்கிறார்கள், ராத்தா கைகளை எங்கே வைத்துக்கொள்கிறா, ஒழுங்கையில் போகிறவர் நம் வீட்டு இருட்டைப் பார்த்து என்ன கேட்கிறார், எத்தனையாவது நிமிடத்தில் பேச்சு நின்று காதுகள் வாசற்பக்கம் திரும்புகின்றன: நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.